மூன்று மணி நேரச் சலுகையும் மூன்று ஆண்டு வாசிப்பும்

கேரளத்தில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போது அவருக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்க வழியுண்டு. திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. குறைபாட்டை இளமையிலேயே இனங்காணும் வசதி இந்நகரத்துப் பெற்றோர்க்கு எட்டாத ஒன்றன்று. பட்ட வகுப்புக்கு வந்தபின் நிலைமை வேறு. “இவ்வளவு தூரம் படித்து வந்தவருக்கு என்ன குறைபாடு?” என்னும் ஐயம் அங்கே சான்றிதழுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

சட்டம் தாமதமாகவேனும் தெளிவாகப் பேசியிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் அதுவும் ஒன்றாயிற்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோர்க்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடங்களை அச்சட்டம் ஒதுக்குகிறது. சொல்வதை எழுதுபவரைப் பெறுவதற்கும் அந்த 40 விழுக்காட்டையே எல்லையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கைவிரல் இழுப்பால் எழுத இயலாத ஒரு குடிமைப்பணித் தேர்வர்.

ஆயினும் இவை அனைத்தும் தேர்வறையைப் பற்றியவை. தேர்வு மூன்று மணி நேரம். வாசிப்போ மூன்று ஆண்டு. டிஸ்லெக்சியா உள்ள மாணவர் ஒரு கட்டுரையைக் காதால் கேட்டுப் படிக்க முடியும். கைப்பேசியே அதை வாசித்துக் காட்டும். ஆனால் துறைகளில் கைமாறும் பாடப்பகுதிகளுள் பல, நகலின் நகலை ஒளிவருடி எடுத்த படங்கள். கோணல்மாணலாக விழுந்த வரியும் ஓரத்தில் யாரோ அடித்த பேனாக் கோடும் சேர்ந்த அந்தப் பக்கத்தில் செயலிகளுக்கு எழுத்து சரிவரத் தென்படாமல் போகலாம். பதிப்புரிமையைக் காரணங்காட்டி நூலகம் ஒதுங்கவும் இயலாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களை மாற்றித்தர இடமளிக்கிறது. வாசிப்புக் குறைபாடுடையோரையும் உள்ளடக்கிய மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடே இந்தியாதான்!

திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. சாலைத் தமிழ்ப் பள்ளியில் பயிலும் குழந்தையைச் சூழ்ந்திருப்பவை தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என நான்கு எழுத்துமுறைகள். ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. தமிழில் ஒரே ககரம் ஏற்கும் ஒலிகளுக்கு மலையாளத்தில் தனித்தனி எழுத்து. இக்குழந்தை தடுமாறினால் பழி மலையாளக் கலப்பின்மீது விழும், அல்லது சோம்பலின்மீது விழும். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான் வந்தது. தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு அதன் வாசிப்புத் திறனை முடிவுசெய்வது எவ்வகை அறிவியல் என்று மொழித்துறையினர்தாம் கேட்க வேண்டும்.

சலுகை தந்தால் தரம் குன்றும் என்பார்க்கு ஒரு கேள்வி: எதன் தரம்? வரலாற்றுத் தாளில் ரகர றகரப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது வரலாற்றறிவைச் சோதிப்பதாகாது. புணர்ச்சி விதிகளைச் சோதிக்கும் இலக்கணத் தாளில் ஒற்றுப்பிழை பொருட்படுத்தத்தக்கதே. அங்கே தளர்வு கோருவோர் யாருமிலர். எந்தத் தாள் எதைச் சோதிக்கிறது என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் தாளுக்குத் தாள் எழுதி வைத்தால் இந்தச் சச்சரவில் பாதி எழாது. நூலகங்கள், பருவம் தொடங்குமுன் கட்டாயப் பாடப்பகுதிகளையேனும் தட்டச்சு எழுத்தாக மாற்றிவைக்கலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; கண் மங்கிய பேராசிரியர்க்கும் அது பயன்படும்.