தமிழ் தெரியாத கருவியும் தமிழாசிரியருக்குப் பயிற்சியும்



சிங்கப்பூரில் தமிழாசிரியர்களுக்கென்று அண்மையில் நடந்த மின்னிலக்கப் பயிலரங்கு ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். நடத்தியது ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், பெயர் வேண்டாம். பேச்சு முழுக்க ஆங்கிலம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். மாணவர் கட்டுரைக்கு நொடியில் கருத்துச் சொல்லும் கருவி என்று ஒன்றைக் காட்டினார்கள். தமிழ்ப் பத்தி ஒன்றை உள்ளிட்டதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று திரையில் எழுத்துகள் சிதறின. பயிற்றுநர் சிரித்துக்கொண்டே, "அங்கே தமிழ் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மாலைவரை நினைத்துக்கொண்டே இருந்தோம். போகும்போது சான்றிதழும் கொடுத்தார்கள்.

கருவி பிசகுவது இயல்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் வயிறெரிகிறது. சீனமொழி ஆசிரியர்கள் நிறைந்த அறையில் வெற்றுக் கட்டங்களைக் காட்டி, எழுத்து இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இதுவும் எந்த ஊரில்! தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழ் தெரிய வேண்டும் என்று தொண்ணூறுகளிலேயே 'கணியன்' எழுத்துருவோடு மல்லுக்கட்டிய ஊர். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையமேறியபோது தமிழும் அங்கே நின்றது அவர் உழைப்பால். தமிழ் இணைய மாநாட்டை 1997இல் இங்கே கூட்டினார். கல்வி அமைச்சு தன் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்ததும் அதே 1997இல்தான். 2000இல் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கே நடந்த மாநாட்டில். இத்தனைக்கும் பிறகு எங்களுக்குக் கிடைப்பது கற்பனைத் தமிழ்.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. தமிழ் மாணவர் தொகை சிறியது, நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாதாம். ஆனால் அரசமைப்புச் சட்டம் நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. தலையை எண்ணி மொழிக்கு மதிப்புப் போடச் சொல்லவில்லை. செயற்கை நுண்ணறிவு இப்போதுதான் தமிழ் கற்கிறது, பொறுங்கள் என்பார்கள். கற்கட்டும். தேறிய பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

மூத்த ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம் என்று இன்னொரு பேச்சு. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி நாடு முழுவதும் மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கியபோது பாடங்களைத் திரைக்கு மாற்றியது யார்? இணைய வகுப்பொன்றில் அந்நியர் புகுந்து ஆபாசம் காட்டியதால் சில நாள்களிலேயே ஸூம் செயலியை அமைச்சு நிறுத்தி வைத்தபோது மாற்றுவழி தேடி ஓடியதும் நாங்கள்தான். 2024 ஆகஸ்டில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவற்றை யாரோ தூரத்திலிருந்தே துடைத்தெறிந்தார்கள். சாதனங்களைக் கட்டுப்படுத்தவென்று வாங்கிய மென்பொருள் வழியே வந்த வினை அது. குறிப்புகளை இழந்து நின்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் சொன்னவர்கள் வகுப்பாசிரியர்கள். மென்பொருளைத் தெரிவு செய்தவர்கள் எந்தப் பயிலரங்குக்கு அனுப்பப்பட்டார்கள் என்று எங்கும் படித்த நினைவில்லை.

எனக்குத் தொழில்நுட்பத்தின்மீது கோபம் கிடையாது. என் வகுப்பில் ஒரு பையன். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே. நாலு பேர் முன்னால் தமிழில் வாய் திறக்கவே மாட்டான். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே குரலைப் பதிவு செய்து எஸ்எல்எஸ் என்னும் மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றச் சொன்னேன். முதல் பதிவில் மூச்சுச் சத்தம்தான் அதிகம். நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன்: "இந்த லகரத்தை இப்படிச் சொல்லிப் பாருப்பா." வாய்மொழித் தேர்வு நெருங்கியபோது வகுப்பிலும் பேசினான். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. எந்தப் பிள்ளைக்கு எதை, எப்போது கொடுப்பது என்று தெரிந்தால் போதும். இதைச் சொல்லித்தரும் பயிலரங்கு இருந்தால் விடுமுறையிலும் போவேன். ஆனால் ஒவ்வொரு பதிவையும் கேட்டுப் பதில் சொல்ல நேரம் வேண்டுமே! இணைப்பாட நடவடிக்கை, திருத்தவேண்டிய தாள், கூட்டம் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குமேல்தான் அந்த நேரம் கிடைக்கிறது. கருவியைக் கையில் கொடுப்பவர்களுக்கு நேரத்தைக் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

தமிழாசிரியர்முன் ஒரு கருவியைக் கொண்டுவருமுன் வகுப்பில் பாடம் நடத்தும் தமிழாசிரியர் இருவரிடம் அதைக் கொடுத்துச் சோதிக்கட்டும். பயிலரங்கையும் அவர்களே நடத்தட்டும். அந்த நாள்களுக்கு அவர்களின் வேறு பணிகளைக் குறைத்துக் கொடுக்கட்டும். மார்ச்சில் கல்வி அமைச்சின் செலவினங்களை நாடாளுமன்றம் விவாதிக்கும்போது, தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவராவது எழுந்து கேட்கவேண்டும்: பள்ளிகளுக்கு வாங்கிய மொழிக் கருவிகளில் எவையெவை தமிழில் சோதிக்கப்பட்டன? சோதித்தவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
தேக்கா