முதல்ல முட்டு... அப்புறம்தான் தட்டு!

இந்த வாரம் நம்ம டாபிக், தாத்தா வீட்டுத் திண்ணைத் தூண்.

கீழப்பழுவூர் மாதிரி ஊர்கள்ல பழைய ஓட்டு வீட்டு வாசலைப் பார்த்திருப்பீங்க. சுவரைத் தாண்டி நீளுற தாழ்வாரத்தை மரத்தூண்கள் தாங்கி நிக்கும். தூண் மேல உத்திரம், அதுக்கு மேல கைமரம், ரீப்பர், ஓடு. சுவர்ல மழை படாம காக்குறது இந்த நீட்டல்தான். பக்கத்துல மேலப்பழுவூர் இரட்டைக் கோயிலுக்குப் போனா, விமானத்துல வளைஞ்சு நிக்கிற கபோதத்தைக் கவனிங்க. மர வீட்டுத் தாழ்வாரத்தைத்தான் சிற்பிகள் கல்லுல கொண்டுவந்தாங்க!

கல்லு தப்பிச்சுது, மரம் மாட்டிக்கிச்சு. எங்கே? தூணோட அடியில. சாரலும் கரையானும் சேர்ந்து கீழ் ஒரு அடியைத் தின்னுடும். மேல மரம் கெட்டியாத்தான் இருக்கும். ஆனா உடனே, 'இடிச்சுட்டு தளம் போட்டுடலாம்'னு ஒரு முடிவு. இல்லேன்னா, கூரை மேல இருக்கும்போதே தூணை உருவுறது. ரெண்டுமே வேணாம் பாஸ்!

சின்னக் கணக்கு: மங்களூர் ஓடு ஒண்ணு சுமார் 2.5 கிலோ. சதுர மீட்டருக்கு 15 ஓடு. 10 அடி நீளம், 5 அடி அகலத் தாழ்வாரத்துல ஓடு மட்டுமே 170 கிலோ தாண்டும். தூணை எடுத்தா கைமரம் அந்தரத்துல கை நீட்டி நிக்கும். நம்ம பாஷையில கேன்டிலீவர். நீட்டல் ரெண்டு மடங்குன்னா, அதை வளைக்கிற பென்டிங் மொமென்ட் நாலு மடங்கு!

அப்போ வரிசை என்ன? முதல்ல அந்தப் பகுதி ஓட்டை இறக்குங்க. கைமரங்களுக்கு அடியில, உத்திரத்துக்கு இணையா ஒரு தற்காலிகக் கட்டை வெச்சு, ரெண்டு பக்கமும் முட்டு கொடுங்க. உத்திரத்துக்கும் தனி முட்டு வேணும். முட்டுக்குக் கீழே அகலமான பலகை கட்டாயம், இல்லேன்னா மண்ணுல இறங்கிடும். சாயாம இருக்க குறுக்குக் கட்டை அடிங்க. ஆப்பை மெதுவா தட்டி, பாரம் முட்டுக்கு மாறினதும் நிறுத்திடுங்க. கூரையைத் தூக்கினா பழைய மூட்டெல்லாம் விட்டுடும். ஒரு நேரத்துல ஒரு தூண்தான். அழுகின அடியை மட்டும் வெட்டி, புது மரம் ஒட்டுப் போட்டு, ஈரம் ஏறாத கல் பீடத்துல நிறுத்தலாம்.

கடைசியா காத்து. புயல்ல காத்து தாழ்வாரத்துக்கு அடியில புகுந்து கூரையை மேல தூக்கும். அதனால தூண், உத்திரம், கைமரம் மூணையும் இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்கணும். தாங்குறது பாதி வேலை, பிடிச்சு வைக்கிறது மீதி!

தனியா இறங்காதீங்க, அனுபவமுள்ள தச்சர் கூட இருக்கணும். ஆனா இந்த லீவுல ஊருக்குப் போனா, தூணடியை ஒரு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பொசுக்குன்னு உள்ளே போச்சா? பொக்லைனுக்கு முன்னாடி தச்சருக்குப் போன் போடுங்க!