அழவைக்கும் படங்கள் மீது ஏன் இந்த இளக்காரம்?

அண்ணனும் தங்கையும் கொஞ்சம் ஒட்டுதலாகப் பேசிக்கொண்டால் போதும், ‘பெரிய பாசமலர்!’ என்று பக்கத்தில் இருப்பவர் கிண்டலடிப்பார். 1961இல் வந்த ஒரு படத்தின் பெயர், அதைப் பார்த்தே இராதவர்களின் வாயிலும் கேலிச்சொல்லாகப் புழங்குகிறது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்து, ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ தமிழ்நாட்டையே தேம்பி அழவைத்த படம். பார்வையிழந்த அண்ணனும் அவனைத் தேடி ஓடிவரும் தங்கையும் சேர்ந்தே உயிர்விடும் அதன் இறுதிக் காட்சியை இன்று பலகுரல் கலைஞர்கள் சிரிப்புக்காகச் செய்துகாட்டுகிறார்கள். அன்று அந்தக் காட்சிக்கு அழுதவர்கள் ஏதோ விவரம் தெரியாத மனிதர்கள் என்பதுபோல அரங்கமும் சிரிக்கிறது.

‘அழுகாச்சிப் படம்’ என்ற முத்திரையும் இதே ரகம்தான். சண்டைக் காட்சிக்கு விசிலடித்தவரை யாரும் கேலி செய்வதில்லை. வயிறு வலிக்கச் சிரித்தவர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். பேய்ப் படத்தில் அலறியவருக்குக்கூட அது நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. கண் கலங்கியவர் மட்டும் அரங்கில் விளக்கு போடுவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாக வேண்டும். அழுதது பெண் என்றால் ‘எதற்கெடுத்தாலும் அழுவாள்’. ஆண் என்றால் ‘ஆம்பளை அழலாமா?’ இந்த இளக்காரம் நியாயமற்றது. திரையில் வரும் யாரோ ஒருவரின் துயரத்துக்காகக் கண்ணீர் விடுபவர், அந்தப் படத்தை மிச்சம் வைக்காமல் பார்த்தவர்.

தமிழ் மரபுக்கு அழுகையைப் பற்றி இப்படியொரு கூச்சம் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துகிறது. முதலில் நகை, அடுத்ததாகவே அழுகை. வீரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெருமிதம் ஆறாவதாகத்தான் வருகிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அந்த நூல் வகுத்திருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியவராவது இளிவு. உற்றாரை, உடையதை இழப்பது இழவு. முன்பு இருந்த நிலை கெட்டுத் தாழ்ந்துபோவது அசைவு. இல்லாமையின் துயரம் வறுமை. தமிழ்நாட்டை அழவைத்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இந்த நான்கில் ஒன்று அடியில் இருப்பது தெரியும்.

‘பாசமலர்’ இழவின் படம். அந்த ஒரே ஆண்டில் பீம்சிங்கும் சிவாஜியும் சேர்ந்து ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று மூன்று படங்களைத் தந்தார்கள். சொத்தும் சம்பந்தமும் கூட்டுக் குடும்பங்களை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. தாய் தகப்பன் இல்லாமல் தங்கையை வளர்த்து, உழைத்து முதலாளியாகி, கடைசியில் அந்தத் தங்கையையே பார்க்க முடியாமல் போகிற அண்ணனின் கதை, அரங்கில் இருந்த பலருக்குச் சொந்த வீட்டுக் கதை. அவர்கள் சிவாஜிக்காக மட்டும் அழவில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்காக, தாலி கட்டிப் போனபின் சீர் கொடுக்கக்கூட ஆள் வராத தங்கைக்காக அழுதார்கள்.

வறுமைக்கு ‘துலாபாரம்’. தோப்பில் பாசி எழுதிய நாடகத்தை ஏ. வின்சென்ட் 1968இல் மலையாளத்தில் படமாக்கினார். அதில் நடித்த சாரதாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே அது தமிழில் வந்தது, அதிலும் சாரதாதான். பசி தாளாத பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சாகாமல் பிழைத்துக்கொண்ட ஒரு தாய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். ஒருகாலத்தில் உயிர்த்தோழியாக இருந்தவளே அவளுக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடுகிறாள். கொன்றது தாய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூண்டில் நிற்க வேண்டியது அவள்தானா என்ற கேள்வி படம் முடிந்த பிறகும் விடுவதில்லை.

அசைவுக்கு ‘மகாநதி’. சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1994இல் வந்தது. காவிரிக் கரை கிராமத்தில் வசதியோடும் மரியாதையோடும் வாழ்ந்த ஒருவர் சென்னைக்கு வந்து, சீட்டு மோசடியில் சிக்கிச் சிறைக்குப் போகிறார். வெளியே வந்து தேடும்போது மகள் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் இருக்கிறாள். அவளை மீட்கும் காட்சியைவிடக் கனமானது அதற்கு அடுத்து வருவது. மீட்டு வந்த மகள் தூங்குகிறாள். தூக்கத்தில், அந்த இடத்தில் பழகிப்போன பேச்சை உளறுகிறாள். தகப்பன் அதைக் கேட்டு உடைந்துபோகிறார். ஊரும் சொத்தும் போனதைப் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு அந்த உளறலைப் பொறுக்க முடியவில்லை. பெண் குழந்தை பெற்ற பலர் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை என்று சொல்வதைக் கேட்கலாம்.

சாவே இல்லாமல் ஒரு அரங்கையே அழவைக்க முடியும் என்பதற்குப் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) போதும். நீலகிரியில், கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்ட அதன் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிப்போன பெண்ணை ஆசிரியர் சீனு தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வைத்தியத்தில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. சீனுவோடு இருந்த நாட்கள் அழிந்துவிடுகின்றன. பெற்றோருடன் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். மழையில் நனைந்து, அடிபட்டு, நொண்டிக்கொண்டு வருகிறார் சீனு. எப்படி நினைவூட்டுவது? அவளைச் சிரிக்கவைக்க வீட்டில் போட்ட அதே குரங்கு ஆட்டத்தை நடைமேடையில் ஆடுகிறார். தலையில் பானையை வைத்துக்கொள்கிறார், குட்டிக்கரணம் அடிக்கிறார். முன்பு பார்த்தபோது சிரிப்பு வந்த அதே சேட்டை. ஜன்னலோரத்தில் இருப்பவள் யாரோ ஒரு பைத்தியக்காரன் பசிக்குக் கையேந்துகிறான் என்று நினைக்கிறாள். ரயில் போய்விடுகிறது.

இதில் வில்லன் யாரும் இல்லை. அவள் செய்தது தவறு என்று சொல்ல முடியாது. அவள் குணமானதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். அழுகையைத் திருப்பிவிட ஒரு கோபம்கூட அந்தக் காட்சி தருவதில்லை; அதனால்தான் நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது வலிக்கிறது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதும் அந்தப் படத்துக்காகத் தேசிய அளவில் வழங்கப்பட்டன.

நான்கில் மிச்சமிருக்கும் இளிவு தமிழ் சினிமாவில் அதிகம் பேசப்படாமலே கிடந்தது. அவமானத்தைத் திரையில் காட்டினால், அடுத்த காட்சியிலேயே கதாநாயகன் பழிவாங்கிவிட வேண்டும் என்ற எழுதாத விதி இருந்தது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) அந்த விதியை மீறியது. பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞரான தந்தை, மகனின் கல்லூரிக்கு வருகிறார். மகனோடு பகை கொண்ட மாணவர்கள் அவர் வேட்டியை உருவி நடுத்தெருவில் ஓடவிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் நெல்லையைச் சேர்ந்த நிஜமான நாட்டுப்புறக் கலைஞர் தங்கராசு. உடம்பைக் கைகளால் மறைத்துக்கொண்டு அந்த வயதான மனிதர் ஓடும்போது அரங்கில் விசில் இல்லை, கைதட்டல் இல்லை. அந்த அழுகையில் வெட்கமும் கலந்திருந்தது. தெருவில் வேடிக்கை பார்ப்பவர்களில் தானும் ஒருவராக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பார்ப்பவரைக் குத்துகிறது.

அதே இயக்குநரின் ‘வாழை’ (2024) இழவையும் வறுமையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வாழைத்தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து, ஒரு சிறுவனின் அக்காவோடு ஊரார் பலரும் பிணமாகக் கிடக்கிறார்கள். வீட்டு வாசலில் ஒப்பாரி. நாளெல்லாம் பட்டினி கிடந்த அந்தச் சிறுவனோ உள்ளே சோற்றைத் தேடுகிறான். துக்கத்தைவிடப் பசி பெரிதா என்று அவனைக் கேட்க அரங்கில் ஒருவருக்கும் வாய் வராது.

அழுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் தில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 60 பேருக்கு ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, இறந்துபோன எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கும் நாயின் கதையான ‘ஹாச்சி’ ஆகிய படங்களைக் காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். அழாதவர்களின் மனநிலையில் மாற்றமில்லை. அழுதவர்களின் மனம் படம் முடிந்தவுடன் கனத்திருந்தது. 20 நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடங்கள் கழித்து, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட லேசாகியிருந்தது.

அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். வீடற்ற ஒருவரின் உண்மைக் கதையைச் சொல்லும் துயரமான படத்தைக் குழுவாக உட்கார்ந்து பார்த்தவர்களில், மனம் அதிகம் நெகிழ்ந்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. உடன் பார்த்த முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கமும் கூடியிருந்தது.

இழவு வீட்டில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. அங்கே செத்தவருக்காக மட்டும் யாரும் அழுவதில்லை. என்றோ போன தாய்க்கும், பாதியில் போன பிள்ளைக்கும் சேர்த்து அழுகிறார்கள். நகரத்து வாழ்க்கையில் அந்த வட்டம் கலைந்துவிட்டது. தெரியாத மனிதர்களோடு சேர்ந்து அழ, இன்று பலருக்கு மிச்சமிருக்கும் இடம் திரையரங்கு ஒன்றுதான்.

அதற்காக, கண்ணீர் வரவழைக்கும் எல்லாமே நல்ல படம் ஆகிவிடாது. அழவைப்பது வேறு, அழுகையைப் பிழிந்தெடுப்பது வேறு. பாத்திரம் யார் என்று பார்வையாளருக்குத் தெரிவதற்கு முன்பே வயலின் ஓலமிட ஆரம்பித்தால், அது பிழிவது. கதை நகரவில்லை என்றதும் ஒரு குழந்தைக்குப் புற்றுநோயைக் கொடுப்பது, நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே ஒரு தங்கையைச் சீரழிப்பது, இவையெல்லாம் பிழிவது. அந்தத் தங்கைக்கு ஒரு மனம் இருந்தது, ஆசை இருந்தது என்று காட்டப் படத்துக்கு இரண்டு நிமிடம்கூட இருக்காது. தொலைக்காட்சிப் போட்டிகளில் பாட வந்த பிள்ளையின் வீட்டு வறுமையைச் சோக இசையோடு ஒளிபரப்புவதும், முதல் காட்சி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருபவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி அதையே விளம்பரமாக்குவதும் இதன் தொடர்ச்சிதான். இவை கண்ணீரை மலிவாக்குகின்றன. ‘அழுகாச்சி’ என்ற ஏளனத்துக்கு இவர்களும் பொறுப்பாளிகள்.

நாயகர்களின் கண்ணீர் குறைந்துபோனதும் கவலைப்பட வேண்டிய விஷயம். அறுபதுகளின் உச்ச நட்சத்திரமான சிவாஜி வாய்விட்டு அழுதார். அந்த அழுகை அதற்காகவே இருந்தது, அதோடு முடிந்தது. பிறகு வந்த பெரிய நட்சத்திரப் படங்கள் பலவற்றில் நாயகன் அழுதால், அடுத்துச் சண்டைக் காட்சி வருகிறது என்று அர்த்தம். துக்கப்படுவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் அவனுக்கு நேரமே தரப்படுவதில்லை. அழுகையைக் கோபமாக்கித்தான் வெளியே விடவேண்டும் என்று இளைஞர்களுக்குத் திரை சொல்லிக்கொடுப்பது ஆபத்தானது. ‘தவமாய் தவமிருந்து’ (2005) படத்தில் ராஜ்கிரண் நடித்த தந்தை, ‘96’ (2018) படத்தில் விஜய் சேதுபதியின் ராம் போன்றவர்கள் அபூர்வமாகத்தான் வருகிறார்கள்.

கண்ணீர் அரங்கோடு நின்றுவிடவும் தேவையில்லை. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, 1993இல் நடந்த காவல்நிலைய மரணத்தையும், அதற்கு நியாயம் கேட்டுப் போராடிய மனைவியையும், அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துருவையும் வைத்து எடுக்கப்பட்டது. அந்த வழக்கு எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. ஆனால் படம் வந்த பிறகுதான் அந்தப் பெண் இன்னமும் எப்படி வாழ்கிறார் என்று தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. படத்தின் நாயகன் சூர்யா அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்பு வைப்பதாக அறிவித்தார். பத்திரிகைச் செய்திகளும் தீர்ப்பு நகல்களும் அத்தனை ஆண்டுகளில் ஏற்படுத்தாத சலனத்தை, ஒரு படம் வரவழைத்த கண்ணீர் சில நாட்களில் ஏற்படுத்தியது.

ஆகவே படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாத்திரத்தை முதலில் அறிமுகப்படுத்துங்கள், இசையைப் பிறகு வாசிக்கலாம். பார்ப்பவர்களுக்கும் ஒன்று: பக்கத்து இருக்கையில் யாராவது விசும்பினால் திரும்பிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பத்து வயது மகன் கண்ணைக் கசக்கினால் ‘சினிமாதானே, இதுக்குப் போய் அழுவியா?’ என்று அதட்டாதீர்கள். எந்த இடத்தில் அழுகை வந்தது, ஏன் வந்தது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவனிடம் கேளுங்கள். உங்களுக்கு எங்கே வந்தது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.