குட்டை நெல் கற்பிக்கும் பாடம்

"உயிர் வேதியியலாம், மூலக்கூறு உயிரியலாம், எம்.எஸ்ஸி. படிப்பாம்! நாற்று நடுபவள் மகளுக்கும் பீடி சுற்றுபவள் மகனுக்கும் இது எதற்கு? கைத்தொழில் கற்றால் நாலு காசு வருமே!"

இப்படிப் பேசுவோர் நெல்லைச் சீமையிலே இருக்கிறார்கள், நம்மவர்களிலேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் தாமிரபரணிக் கரை வயலிலேயே விளைந்து நிற்கிறது.

அந்நாளில் நெற்பயிர் நெடிது வளர்ந்தது. உரம் போட்டால் கதிர் கனத்தது. கனம் தாங்காமல் பயிர் சாய்ந்தது. 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. உரத்தை ஏற்றது, சாயாமல் நின்றது. காரணம் என்ன? விடை 2002-ல்தான் கிடைத்தது. பயிரை நெடுநெடுவென வளர்ப்பது ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன். அதை உண்டாக்கும் நொதிக்கான மரபணு ஒன்று குட்டை நெல்லிலே பழுதுபட்டிருக்கிறது. ஹார்மோன் குறைகிறது, தண்டும் குறுகுகிறது. இதைக் கண்டு சொன்னது, "எதற்கு" என்று கேட்கப்படும் இந்தப் படிப்புத்தான்!

விதை கிடைத்தவன் விதைக்கலாம். காரணம் அறிந்தவனே அடுத்த விதையை ஆக்கலாம். காரணம் கம்பெனிக்காரன் கையிலும், களைக்கொட்டு நம் கையிலும் இருப்பதா?

"அது அயல்நாட்டான் அறிவு" என்பார்கள். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அல்லவா? அம்பை 16 நெல்லைத் தந்தது நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அல்லவா?

1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. தென்கோடிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பின் வாசல் அருகிலேயே திறந்தது. வாசல் திறந்தால் போதுமா? இது புத்தகத்தோடு முடியும் படிப்பல்ல. நொதி கெடாதிருக்கக் குளிர்பெட்டி வேண்டும். விலையுயர்ந்த வேதிப்பொருள் வேண்டும். நாள் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டும். மாலையில் கூலிக்கு ஓடும் மாணவன் எப்படி நிற்பான்?

ஆகவே நாம் கேட்கிறோம்: வயிற்றுக்குப் போதுமான உதவித்தொகை வேண்டும். குறைவில்லாத ஆய்வுக்கூடம் வேண்டும். பாடத்தைத் தெளிவாக விளக்கும் தமிழ் நூல்கள் வேண்டும். இது பிச்சையல்ல, உழைப்பவன் கட்டிய வரிக்கு உரிய பங்கு!

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண் பி.எஸ்ஸி. முடித்து வந்தால் "போதும்" என்று சொல்லாதீர்கள். "மேலே படி, அம்மா" என்று சொல்லுங்கள். நெல் நம் கையால் விளைகிறது. அதன் சூட்சுமமும் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும்!