எரியும் விளக்கை மட்டும் நம்பலாமா?
பழைய வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு யோசனை



நம்மில் பலர் சொந்தமாக ஒரு பழைய லாரியோ சிறிய சரக்கு வண்டியோ வைத்துத்தான் தொழில் நடத்துகிறோம். புது வண்டிக்கு மாதத் தவணை கட்டும் அளவுக்கு மளிகையில் லாபம் நிற்பதில்லை. வண்டி பழசாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அதன் உடல்நிலையை நமக்குச் சொல்ல ஓட்டுநர் முன்னால் இருக்கும் இரண்டு மூன்று சிவப்பு விளக்குகளை மட்டும் நம்பியிருக்கிறோமே, அதைப் பற்றித்தான் எழுதத் துணிந்தோம்.

2014 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வாணியம்பாடியிலிருந்து ஏலகிரி மலைக் கடைகளுக்கு அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின்கள் ஏற்றி நம் வண்டியை அனுப்பினோம். கோடை விடுமுறை. சனி, ஞாயிறு வியாபாரத்தை நம்பித்தான் மலைக் கடைக்காரர்கள் சரக்கு கேட்டிருந்தார்கள். பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது நம் பகுதி வணிகர்களுக்குத் தெரியும். ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஆயில் பில்டர் அருகே கசிந்து ஆயில் முழுவதும் வழியிலேயே போய்விட்டது. பேரிங் உருகி, கிராங்க் கெட்டு, எஞ்சின் ஜாம்.

“லைட்டு எரியவே இல்லைங்க முதலாளி” என்றார் டிரைவர். நாம் நம்பவில்லை. எரிந்திருக்கும், இவர் கவனிக்காமல் மிதித்திருப்பார் என்று முடிவு கட்டினோம். அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எஞ்சினை இறக்கி வேலை முடித்து மாட்டிய அன்று மெக்கானிக் நம்மை அழைத்துச் சாவியைத் திருப்பிக் காட்டினார். “ஐயா, எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரிகிறதா பாருங்கள்” என்றார். எரியவில்லை. பல்பு ப்யூஸ். எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்? சில ரூபாய் பல்பு ஒன்று எஞ்சினையும் தின்றது, நல்ல டிரைவரையும் நம்மிடமிருந்து பிரித்தது. பிடித்த பணத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், திரும்பி வேலைக்கு வரவில்லை. அவர் செய்தது நியாயமே.

அந்த மெக்கானிக்கிடம் கற்ற பாடத்தைச் சொல்கிறோம். பல்பு நன்றாகவே இருந்தாலும் ஆயில் விளக்கு கடைசி நிமிடத்தில்தான் பேசும். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 10 பவுண்டுக்குக் கீழே இறங்கிய பிறகே அது எரியும். லோடோடு ஓடும்போது 40 பவுண்டில் இருக்க வேண்டியது 20க்கு இறங்கினாலும் விளக்கு வாய் திறக்காது. சூட்டு விளக்கும் அப்படியே. தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு வந்த பிறகு எரிந்து என்ன பயன்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

1930களில் அமெரிக்காவில் ஹட்சன் கம்பெனி தன் கார்களில் மீட்டருக்குப் பதில் விளக்கு வைத்தது. செலவு குறைவு என்பதால் பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். அதற்கு அந்த ஊரார் வைத்த பட்டப் பெயர் ‘முட்டாள் விளக்கு’.

முள் காட்டும் மீட்டர் அப்படியில்லை. இறங்க இறங்கக் காட்டும், ஏற ஏறக் காட்டும். பழைய வண்டிக்கு மூன்று மீட்டர் போதும்.

ஒன்று, ஆயில் பிரஷர் மீட்டர். சிறு குழாய் வழியாக ஆயிலையே கேபினுக்குள் கொண்டுவரும் வகையும் உண்டு. கம்பி வழியாக மின்சாரத்தில் காட்டும் வகையும் உண்டு. குழாய் உடைந்தால் சூடான ஆயில் டிரைவர் காலில் கொட்டும். ஆகவே கம்பி வகையே நல்லது.

இரண்டு, சூட்டு மீட்டர். வழக்கமாக 80 முதல் 95 டிகிரிக்குள் முள் நிற்கும். மலை ஏறும்போது அது மெல்ல ஏறுவதைப் பார்த்தாலே வண்டியை ஓரம் கட்டிவிடலாம். ஒரு எச்சரிக்கை: ரேடியேட்டர் தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்காது, முள் திடீரென்று கீழே விழலாம். சூடு குறைந்தது என்று ஏமாந்துவிடக் கூடாது.

மூன்று, வோல்ட் மீட்டர். 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பதிமூன்றரை முதல் பதினான்கரை வரை காட்ட வேண்டும். குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கிறது என்று பொருள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். மீட்டரும் அதன் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் முள் பொய் சொல்லும். முக்கியமாக, பழைய விளக்கைக் கழற்றி எறியாதீர்கள். பல வண்டிகளில் சார்ஜ் விளக்கின் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. விளக்கை எடுத்தால் சார்ஜே ஏறாமல் போகலாம். ஆயிலுக்கு டி வடிவ இணைப்பு போட்டால் விளக்கும் முள்ளும் சேர்ந்தே வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைச் சுற்றும் டிரைவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரத்துக்கு விளக்கு வேண்டும், முடிந்தால் ஒரு பஸ்ஸரும் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வசம். அவற்றின் வயரிங்கில் நாமாகக் கை வைக்கக் கூடாது.

மூன்று மீட்டருக்கும் கூலிக்கும் சேர்த்து நமக்கு ஆனது இரண்டு நடை வாடகை. எஞ்சின் வேலைக்கு ஆனதை எழுதவே மனம் வரவில்லை. அந்த சனி, ஞாயிறு சரக்கில்லாமல் கல்லாவில் கைகட்டி உட்கார்ந்த மலைக் கடைக்காரர்களின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒன்று. மீட்டர் மாட்டுவது பாதி வேலைதான். முள் ஏறுவதைப் பார்த்து டிரைவர் வண்டியை நிறுத்தினால், “ஏன் லேட்?” என்று போனில் சத்தம் போடுகிறோம். பிறகு எந்த டிரைவர் நிறுத்துவார்? “முள் சரியில்லை என்றால் நிறுத்துங்கள், சரக்கு ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் பாதகமில்லை” என்று நாம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாத முதலாளிக்குப் பத்து மீட்டர் இருந்தும் பயனில்லை.

தீபாவளி சரக்கு ஏற்றும் காலத்துக்கு முன்பாக, உறுப்பினர்களின் பழைய வண்டிகளைச் சோதித்துப் பார்க்க நமது சங்கம் நல்ல மெக்கானிக்குகளை அழைத்து ஒருநாள் முகாம் நடத்தலாம் என்பது நமது வேண்டுகோள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை கடை திறக்கும் முன் வண்டியின் சாவியைத் திருப்பி, விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எரியவில்லை என்றால், டிரைவரைக் கோபிப்பதற்கு முன் பல்பை மாற்றுங்கள்.