பதினாறாம் அலைவரிசையிற் செவி கொடுப்பார் யார்?

வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றிலே, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க மண்டபத்திலே, சென்ற சோழகக் காலத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. எம்மை அழைத்த காரணம் வேறு. காணி வழக்கொன்றைப் பற்றி ஆலோசனை கேட்கவே அழைத்தனர். ஆனால், அங்கு நாம் கேட்டு வந்த கதை காணிக் கதையன்று.

தகப்பனும் மகனுமாக இருவர் கண்ணாடியிழை வள்ளமொன்றிற் பாட்டுக்குப் போயினர். நடுக்கடலிலே இயந்திரம் நின்றுபோயிற்று. வள்ளத்தில் வீ.எச்.எவ். வானொலிக் கருவியொன்று இருந்தது. மகன் அதனைக் கையிலெடுத்துக் கத்தினான். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. சோழகம் அவர்களை வடகிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள் மாலையில் வேறொரு வள்ளத்தார் தற்செயலாகக் கண்டு கட்டியிழுத்து வந்தனர். "உந்தச் சாமானாலை என்ன பிரயோசனம், ஐயா? விலைதான் கூட" என்றார் அந்தத் தகப்பனார்.

கருவியை எடுத்து வரச் சொன்னோம். கருவியிற் பழுதில்லை. கருவியை ஒருவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை என்பதே பழுது. முதலாவது, அது தம் ஊரவர் மீன்விலை பேசும் அலைவரிசையில் நின்றது. இராக்காலத்தில் அங்கே கேட்பார் எவருமிலர். இரண்டாவது, இரைச்சலை அடக்கும் 'ஸ்குவெல்ச்' என்னும் திருகை முற்றாக முறுக்கி வைத்திருந்தனர். "ஒரே இரைச்சல் ஐயா, அதான் திருகி வைச்சனான்" என்றான் மகன். இரைச்சல் நிற்கும் இடத்தோடு திருகுவதை நிறுத்தவேண்டும். அதற்கு மேலும் முறுக்கினால் தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடைபட்டுவிடும். ஒருவர் மறுமொழி சொல்லியிருந்தாலுங்கூட அவர்கள் காதில் விழுந்திராது! மூன்றாவது, ஏரியற் கம்பி கருவியோடு சேருமிடம் உப்புப் பூத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது.

இக்கதையைக் கழனியுழும் கமக்காரரும், கந்தோரிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றிலும் தொழில் புரிவோரும் படிக்கும் பத்திரிகையிலே எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கரையோரத்தான் துன்பம் கரையோரத்தானுக்கே என்று உள்ளூர்க்காரர் ஒதுங்கியிருந்ததன் பலனை நாம் வேண்டிய அளவு அனுபவித்தாயிற்று. மேலும், இக்கருவியின் ஒழுங்கைக் கமக்காரனைப் போல் விரைவில் விளங்கிக்கொள்ளக்கூடியவன் வேறொருவனில்லை. எவ்வாறு என்பதைச் சொல்வோம்.

கிணற்றுப் பங்கு, வாய்க்கால் முறை, வழியுரிமை ஆகியவற்றின்பேரில் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் ஏறிய வழக்குகளுக்குக் கணக்கில்லை. எம் தொழிலுக்குச் சோறு போட்டவை அவை என்பதை ஒளிப்பானேன்! ஒரு கிணறு, பல பங்காளர். இன்று என் முறை, நாளை உன் முறை. ஒருவன் இறைக்கும்போது மற்றவன் காத்திருக்க வேண்டும். கடலின் வானொலியிலும் இதே முறைதான். ஓர் அலைவரிசையில் ஒருநேரத்தில் ஒருவரே பேசலாம். பொத்தானை அழுத்தினாற் பேச்சு, விட்டாற் கேட்பு. அழுத்தியபடி இருப்பவனுக்கு எதுவும் கேளாது. அவன் பிறர் வாயையும் அடைத்துவிடுகிறான். பேச்சுக் கருவியை இருக்கையின் கீழே எறிந்துவிட்டு அதன்மேல் ஒருவன் குந்திவிட்டால், அவன் எழும்பும் வரை சுற்றுப்புறக் கடல் முழுவதிலும் அந்த அலைவரிசை செத்ததற்குச் சமானம்.

அலைவரிசைகளுள் 16ஆவது ஊர்ப் பொதுக் கிணறு. அதன் அலை 156.8 மெகாஹேர்ட்ஸ். ஆபத்துக் குரல், பாதுகாப்புச் செய்தி, ஒருவரை முதன்முதல் அழைத்தல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அது உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே அழைத்து, மறுமொழி பெற்றவுடன் இருவரும் வேறோர் அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும். பொதுக் கிணற்றடியிற் குடத்தை நிரப்பிக்கொண்டு அகலுவதல்லாமல், அங்கேயே நின்று துணி துவைப்பார் உண்டா? மீன்விலையும் வலைக்கதையும் சினிமாப் பாட்டும் 16இல் ஓடுமிடத்திலே, மூழ்குகின்றவன் குரல் எவ்வழியாற் புகும்?

இக்கருவிக்கு எல்லையுமுண்டு. அதன் அலை ஏறக்குறையப் பார்வை செல்லும் வழியே செல்வது. பூமியின் வளைவுக்கு அப்பால் அதிகம் எட்டாது. ஆகையால் தூரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஏரியலின் உயரமே. கடல் மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் ஏரியலுள்ள இரு வள்ளங்கள் தம்முட் பேசக்கூடிய தூரம் ஏறத்தாழ 12 கிலோமீற்றர். அதே வள்ளம், கரையில் 50 மீற்றர் உயரக் கோபுரமொன்றோடு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வரை பேசலாம். நிலையாகப் பொருத்தும் கருவியின் வலு 25 உவாற்று. அருகிலுள்ளோருடன் பேசுவதற்கு 1 உவாற்றுப் போதும், பற்றரியும் மிஞ்சும். கையடக்கக் கருவியின் வலு 5 அல்லது 6 உவாற்று. பணத்தை வலுவிற் கொட்டுவதிலும் கரையில் ஒரு கோபுரத்தை உயர்த்துவது மேலானது. கோபுரம் தனியொருவனால் ஆவதன்று. சங்கத்தால் ஆவது, அரசால் ஆவது.

"கைத்தொலைபேசி இருக்கிறதே, இஃது எதற்கு?" என்பாருக்கு ஒரு சொல். தொலைபேசி கரையிலுள்ள கோபுரத்தை நம்பியது. கரை மறையச் சிறிது தூரம் சென்றதும் அது வெறும் விளக்கு. அது வேலை செய்யும் இடத்திலும் ஒருவனுக்கே கேட்கும்; அவன் உறங்கினால் முடிந்தது. வீ.எச்.எவ். வானொலியிலே கூவினால், எட்டிய தூரத்திற் செவி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கணத்திற் கேட்கும். இரண்டு கல் தொலைவிலே வலையிழுத்துக்கொண்டிருக்கும் முகமறியாத ஒருவனே உயிர் காக்கப்போகின்றவன். அவனுடைய தொலைபேசி எண் எவரிடமிருக்கிறது?

ஆபத்து நேர்ந்தாற் சொல்ல வேண்டிய சொல் 'மேடே'. 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து பிறந்த சொல் இது. இங்கிலாந்திலே குறொய்டன் விமான நிலையத்து வானொலி அதிகாரி பிரடெரிக் மொக்போட் என்பவர் 1923இல் இதனை வகுத்தார். 1927இன் வாசிங்டன் உடன்படிக்கை உலகுக்கு இதனைப் பொதுவாக்கியது. மும்முறை 'மேடே' என்று சொல்லி, வள்ளத்தின் பெயரை மும்முறை சொல்லி, மறுபடியும் ஒருமுறை 'மேடே'யும் பெயரும் சொல்லி, உடனே நிற்குமிடத்தைச் சொல்ல வேண்டும். பிறகே என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் என்பன. எம்மவர் பெரும்பாலும் கதையை முதலிலிருந்து தொடங்குவர்: விடியப் புறப்பட்டோம், காற்று நல்லாயிருந்தது, பிறகு எஞ்சின் ஒரு மாதிரிச் சத்தம் போட்டது... பற்றரி அதற்குள் இறந்துவிடும்! இடம் முதலில். இடம் தெரிந்தால் மற்றெல்லாம் தெரியாவிட்டாலும் தேடிச் செல்லலாம். இடம் தெரியாவிட்டால் மற்றெல்லாம் தெரிந்தும் பயனில்லை. சாட்சிக்கூட்டிலே இவ்வாறு சுருங்கச் சொல்லும் சாட்சியை எம் சேவைக் காலத்தில் நாம் இரண்டொருவரையே கண்டோம். ஆகையாற்றான் முன்கூட்டிப் பயில வேண்டுமென்கிறோம்.

உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, இயந்திரம் மட்டும் நின்றுவிட்டது என்றால் 'பான்-பான்' என்பது முறை. புதிய கருவிகளிலே மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்றுண்டு. மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆவது அலைவரிசை வழியாக, ஜீ.பி.எஸ். இணைத்திருப்பின் நிற்குமிடத்தோடு, ஆபத்துச் செய்தி தானாகவே செல்லும். ஆனால் அதற்கு ஒன்பது இலக்கக் கப்பலெண்ணைக் கருவியிற் பதித்திருக்க வேண்டும். இலங்கைக் கலங்களின் எண் 417 என்று தொடங்கும். எண் பதியாத கருவியிற் சிவப்புப் பொத்தான் வெறும் அலங்காரம்.

இனி, கேட்பாரைப் பற்றிப் பேசுவோம். 1912 ஏப்பிரலிலே டைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அண்மையிலே கலிபோர்ணியன் என்னும் கப்பல் இரவுக்கு நின்றிருந்தது. அதிலும் கம்பியில்லாத் தந்தி இருந்தது. ஆனால் அதனை இயக்குபவர் ஒருவரே. அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றுவிட்டார். ஆபத்துக் குரல் எழுந்தபோது கேட்பாரில்லை. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். தொலைவிலிருந்த கார்ப்பேதியாவின் இயக்குநர் உறங்கப்போகுமுன் தற்செயலாகச் செவிக்கருவியைக் கழற்றாதிருந்தமையால் எழுநூறுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். இடைவிடாது செவி வைத்திருக்க வேண்டுமென்ற கடமை சர்வதேசச் சட்டத்திற் புகுந்தது அதன் பின்னரே, 1914இன் உடன்படிக்கையால்.

எமது கடலில் இக்கேள்வி இன்னுங் கடுமையானது. உலகப் பெருங்கப்பல்கள் தேவேந்திரமுனைக்குத் தெற்கே அணிவகுத்துச் செல்கின்றன. தெற்கே ஆபத்துக்குள்ளான மீனவன் 16இற் குரல் கொடுத்தால் ஏதாவது ஒரு கப்பலின் மேற்றளத்திற் கேட்கக்கூடும். பாக்குநீரிணையும் பாக்குக்குடாவும் ஆழமற்றவை. பெருங்கப்பல் அங்கே நுழையாது. ஆகவே, தெற்கில் உலகக் கப்பல்கள் செய்யும் காவலை வடக்கிற் கரையிலுள்ள செவிதான் செய்ய வேண்டும். அந்தச் செவி இராப்பகல் விழித்திருக்க வேண்டும். அதற்குத் தமிழ் விளங்க வேண்டும். சாகும் தறுவாயில் ஒருவனை இலக்கணம் வழுவாத ஆங்கிலம் பேசு என்பது நியாயமா?

சட்டம் அறிந்தோருக்கு மற்றொரு விடயம். 1974இலும் 1976இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே கடலெல்லை வரையப்பட்டது. நீர்மேல் அக்கோடு தெரியாது. இயந்திரம் இறந்த வள்ளம் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு எல்லை தாண்டினால், களவாக மீன்பிடிக்க வந்தான் என்பதே குற்றச்சாட்டு. ஐக்கிய நாடுகளின் கடற் சட்ட உடன்படிக்கையின் 18ஆம் உறுப்புரை, ஆபத்தினாலோ தடுக்கவியலாத காரணத்தாலோ பிறநாட்டுக் கடலிற் கலமொன்று நிற்க நேர்வதை ஏற்றுக்கொள்கிறது. 98ஆம் உறுப்புரை ஆபத்துக்குள்ளானோருக்கு உதவுதலைக் கடமையாக்குகிறது. இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் இதனை அங்கீகரித்தன. ஆனால் ஆபத்து என்று வாயாற் சொன்னாற் போதுமா? எண்பிக்க வேண்டாமா? எல்லையைத் தாண்டுமுன், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இயந்திரம் நின்றது என்று வானொலியிற் சொல்லிக் கரையில் ஒரு பதிவேட்டிற் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கிணையான சான்று வேறில்லை. பிறநாட்டுச் சிறையிலிருந்து ஒரு குடும்பத் தலைவனை மீட்கும் வழக்கிலே, அந்த ஒற்றை வரிக் குறிப்பு எமது நூறு பக்க வாதத்திலும் வலியது. இப்பக்கத்து மீனவனுக்கும் அப்பக்கத்து மீனவனுக்கும் இது பொதுவானது.

வானொலி அனுப்புங் கருவி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அவ்வாறு விதிக்கிறது. அது வேண்டிய விதியே. கண்டவன் கண்டபடி அலையை நிரப்பினாற் கிணறு கலங்கும். ஆனால் அலுவலகமொன்றில் எம் கட்சிக்காரர் ஒருவருக்காக இதன் விண்ணப்பப் படிவத்தைத் தமிழிற் கேட்டபோது, "அடுத்த முறை வாருங்கள்" என்ற விடையே கிடைத்தது. மூன்று முறை சென்றும் அடுத்த முறை வரவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் அதனை நிருவாக மொழியாக்கிற்று. காகிதத்தில் உள்ள உரிமை படிவத்தில் இல்லை! வள்ளத்தைப் பதியும் அந்த மேசையிலேயே, அதே நாளில், வானொலி அனுமதியையும் கப்பலெண்ணையும் தமிழில் வழங்குவதற்கு என்ன தடை? எமது மக்கட் பிரதிநிதிகள் இதனை எழுத்திற் கேட்க வேண்டும். எழுத்தில் விடை பெற வேண்டும்.

அரசிடம் கேட்பது ஒருபுறமிருக்க, எமது கையிலுள்ளதை நாம் செய்யாதிருப்பது ஏன்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் சடுதியாக வலுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளக் கரையையும் சேர்ந்த மீனவர் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. எச்சரிக்கை பிறக்குமுன் பலர் வெகுதூரம் சென்றிருந்தனர், வீ.எச்.எவ். அலை அவ்வளவு தூரம் எட்டாது. எட்டாத தூரத்துக்கு வேறு கருவி வேண்டும், அது வேறு விவாதம். ஆனால் எட்டும் தூரத்திலேயே எம்மவர் கேளாதிருப்பதற்கு எவரைக் குறைசொல்வது?

அந்தக் கிராமத்துச் சங்கத்தாரோடு பேசி ஓர் ஒழுங்கு செய்துள்ளோம். வாடைக்காற்று எழுமுன் ஞாயிறு பிற்பகல்களில் நான்கு வகுப்புகள் நடைபெறும். ஓய்வுபெற்ற கப்பல் உத்தியோகத்தர் ஒருவர் கூலியின்றிக் கற்பிக்க இசைந்துள்ளார். 'மேடே' சொல்லும் முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மெழுகுத்தாள் ஒட்டி, ஒவ்வொரு வள்ளத்திலும் ஆணியடிப்பதற்கு அச்சகத்தாரொருவர் முன்வந்துள்ளார். மண்டபக் கூரையில் ஏரியல் நாட்டுவதற்குக் கம்பமும், இரவிற் செவி வைத்திருப்போருக்குச் சிறு கொடுப்பனவும் இன்னும் வேண்டும். உள்ளூர்க் கமக்காரர் சங்கமொன்று கம்பத்தைத் தர முன்வந்துள்ளது. இராக்காவலுக்கு மாதம் ஓரிரவேனும் வந்திருக்கக்கூடிய இளைஞரும், பொருளுதவ விரும்பும் உத்தியோகத்தரும் தத்தம் பகுதிச் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் வகுப்பில், அந்தத் தகப்பனார் தம் கருவியையும் கொண்டு முன்வரிசையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.