முதுமையின் தனிமையும் கருவிகளின் துணையும்

முதியோர் இல்லங்களில் பலர் ஒருங்கே வாழ்கின்றனர்; ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தே இருக்கின்றனர். இம்முரண்பாட்டை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? உணவும் உடையும் உறைவிடமும் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவது பெரும் பிழையாகும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் பகுதிகளை வளர்த்ததில் ஆலைத் தொழிலாளரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965ஆம் ஆண்டில். அக்காலத்து இளந்தொழிலாளர் இன்று எண்பதை ஒட்டியவர், கடந்தவர். ஆலையின் பேரிரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்று உழைப்போரின் செவிப்புலன் மங்குவது மருத்துவம் அறிந்த உண்மை. காது மங்கினால் உரையாடல் குறையும். ஒன்றையே மறுமுறை கேட்க நாணி முதியவர் ஒதுங்குவார். மற்றவரும் பேச்சைச் சுருக்கிக்கொள்வர். தனிமை பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது.

ஆகவே, விலையுயர்ந்த விந்தைக் கருவிகளைத் தேடுமுன் எளிய காதொலிக் கருவியை நாம் நினைத்தல் வேண்டும். 2017இல் நடுவண் அரசு தொடங்கிய 'வயோஸ்ரீ' திட்டம், வறிய முதியோர்க்குக் காதொலிக் கருவி, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி முதலியவற்றை விலையின்றி வழங்குகிறது. ஆனால், பெற்ற கருவி பெட்டியில் உறங்கினால் பயன் என்ன? மின்கலம் மாற்றவும், ஒலியளவைத் திருத்தவும், பழகும் வரை பொறுமையோடு அருகிருக்கவும் ஓர் ஆள் வேண்டுமன்றோ?

ஜப்பான் நாட்டார் 'பாரோ' என்னும் சீல் குட்டி வடிவ இயந்திரத்தை ஆக்கியுள்ளனர். தடவினால் தலையசைக்கும், குரல் கொடுக்கும். மறதி நோயுற்ற முதியோர்க்கு அது அமைதி தருவதாக ஆய்வாளர் சிலர் கூறுவர். அதனை நாம் இகழவில்லை. எனினும், "சாப்பிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டு மறுமொழிக்குக் காத்திருக்க அதற்குத் தெரியாது. 2020இல் கொரோனாக் காலத்தில் கைப்பேசித் திரையில் பேரக் குழந்தையைக் கண்டு ஆறுதல் பெற்ற முதியோர் பலர். அவ்வாறுதலைத் தந்தது திரையா, முகமா?

கருவி பாலமாகலாம், மறுகரையில் மனிதர் நிற்க வேண்டும். மாணவ நண்பர்களே! வாரம் ஒரு மணி நேரம் அருகிலுள்ள இல்லத்திற்கு ஒதுக்குவோம். கைப்பேசியில் பிள்ளைகளை அழைக்கக் கற்றுத் தருவோம். அவர்தம் ஆலை நாள்களின் நினைவுகளைக் குரற்பதிவு செய்து நம் தமிழ்த்துறையில் காப்போம். சமுதாயப் பெரியோர் கருவிகளும் மின்கலங்களும் வாங்கித் தந்து துணை நிற்பாராக. விடைபெறும்போது, "அடுத்த வாரமும் வருகிறோம்" என்போம், சொன்னபடி செல்வோம்.